கோட்டையில் ஒரு மடக்கு

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை நண்பர்கள் கடத்திக்கொண்டு போவது ஹெல்சிங்கியில் பழக்கம். அன்றைக்கு எதற்கும் அவன் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. வெசாவைக் காலையில் வீட்டு வாசலிலேயே அமுக்கி, மஞ்சள் கோழி உடுப்பை மாட்டி, படகில் ஏற்றி, சுவோமென்லின்னா கோட்டைத் தீவில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய மனிதன். படகில் வந்த வெளியூர்க்காரர்கள் அவனைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவனும் கொக்கரித்துக் காட்டினான். மானம் போனால் போகட்டும், இந்த ஒரு நாளைத் தாண்டினால் சில்யா கிடைப்பாள்.

அவனுக்கு இருந்தது ஒரே பயம், குடி. ஒரு காலத்தில் அவன் குடித்த குடியில் வேலை போயிற்று, முதல் மனைவி போனாள், பல்லில் இரண்டும் போயிற்று. சில்யா அவனைச் சேர்த்துக்கொண்டபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: ஒரு மடக்கு உள்ளே போனாலும் அன்றோடு சரி, மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கிடையாது. அன்றிலிருந்து அவன் தொடவில்லை. குடியை விடுவதற்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும், நமக்கெல்லாம் கதை.

அதனால் படகிலேயே எர்னோவைத் தனியாக இழுத்துப் பேசினான். எர்னோ சின்ன வயதுத் தோழன், கடத்தலுக்குத் தலைவனும் அவனே.

"உன் கைக்கு வர்றது எல்லாமே சாராயம் இல்லாததுதான்டா. நான் பாத்துக்கறேன்" என்றான் எர்னோ.

நல்லவன்தான், பாவம். ஆனால் பானங்கள் இருந்த பையைச் சுமந்தது எர்னோ இல்லை, சில்யாவின் தம்பி ரோப்பே.

பீரங்கிமேல் குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்து பாடச் சொன்னார்கள், பாடினான். மதிலுக்குள் இருக்கிற இருட்டுச் சுரங்கத்தில் முட்டி போட்டுத் தவழச் சொன்னார்கள், தவழ்ந்தான். கடைசியாக, கடலைப் பார்த்த அரச வாசல் படிகளில் உட்கார வைத்துக் கண்ணைக் கட்டினார்கள். வாயில் ஊற்றுவது என்ன என்று ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். மோர் என்றான், சரி. பூர்ச்ச மரத்தில் வடிகிற தண்ணீர் என்றான், அதுவும் சரி. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இதச் சொல்லுங்க பாப்போம் மச்சான்" என்று ரோப்பே ஒரு டப்பாவை உதட்டில் வைத்தான்.

லொன்கெரோ. பம்பளிமாஸ் புளிப்போடு ஜின் கலந்த சரக்கு. சாராயம் இல்லாமலும் அது வருகிறது, டப்பாவும் ஏறக்குறைய அதே டப்பாதான். ஆனால் வெசாவின் நாக்கை ஏமாற்ற முடியுமா? பட்டதுமே தெரிந்துவிட்டது. தொண்டை தானாகத் திறந்தது, விழுங்கு விழுங்கு என்று உடம்பு மொத்தமும் கெஞ்சியது. அவன் துப்பினான். படி முழுக்கத் தெறித்தது. கண்கட்டைப் பிய்த்து எறிந்தான்.

எதிரே ரோப்பே செல்போனை நீட்டிப் பிடித்திருந்தான். அதற்குள் சில்யாவின் முகம். அழுதுகொண்டே சிரித்தாள்.

"டேய், என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று எர்னோ ரோப்பேயின் சட்டையைப் பிடித்தான்.

"நானா பண்ணல. அக்காதான் சொல்லுச்சு."

"துப்பிட்ட வெசா, நான் பாத்தேன்" என்றாள் சில்யா. "கோவிச்சுக்காத. கட்டிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. இனிமே எனக்கு பயமே இல்ல."

"முழுங்கியிருந்தா?"

"அதான் முழுங்கலயே."

அவள் சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டாள். மற்றவர்கள் வெசாவைத் தோளில் தூக்கி ஆடினார்கள். ஜெயித்துவிட்டானாம். வெசாவுக்கு அவர்கள் எல்லோரையும் கடலில் தள்ளவேண்டும்போல் இருந்தது. இத்தனை நாள் அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறான். அத்தனை நாளும் அவள் நம்பவில்லை. அது நெஞ்சைக் குத்தியது. அதைவிடக் கேவலம், வாயில் எச்சில் ஊறுவது நிற்கவேயில்லை. செத்துக் கிடந்த நாக்கை எழுப்பி உட்கார வைத்துவிட்டார்களே பாவிகள்!

படகுத்துறைக்குத் திரும்பினார்கள். அந்த ஊரில் காலி டப்பாவை யாரும் வீசுவதில்லை, கடையில் இருக்கிற இயந்திரத்தில் போட்டு, டப்பாவுக்கு உண்டான காசுக்குச் சீட்டு வாங்கிக்கொள்வார்கள். நான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்று வெசா பையை வாங்கினான். கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டும் என்று எர்னோதான் மற்றவர்களைப் படகு வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனான். தனியாக நின்று அழ வேண்டும், அதற்கு மேல் வெசாவுக்கு வேறு நினைப்பில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன்.

இயந்திரம் டப்பாக்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டது. ஒன்றை மட்டும் திருப்பித் தள்ளியது. மறுபடி வைத்தான், மறுபடி தள்ளியது. காலி செய்துவிட்டுப் போடவும் என்று எழுத்து ஓடியது. கையில் எடுத்தான். கனத்தது. படியில் உட்கார வைத்து வாயில் ஊற்றினார்களே, அந்த டப்பா. ரோப்பே மீதியோடு அப்படியே நிமிர்த்திப் பைக்குள் செருகியிருந்தான்.

மிச்சத்தைக் கொட்டப் பக்கத்திலேயே தொட்டி இருந்தது. டப்பாவைத் தொட்டிக்கு மேல் கொண்டுபோனான். பம்பளிமாஸ் வாசனை வந்தது. யாருக்காகக் கொட்ட வேண்டும்? பார்க்க வேண்டியதை அவள் பார்த்தாகிவிட்டது, இனி அவளுக்குப் பயமே இல்லையாம்.

அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தான்.

இப்போது இயந்திரம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுத்தது. வெளியே எர்னோ படகு வந்துவிட்டது என்று கையாட்டினான். வெசா சீட்டோடு கல்லாவுக்குப் போனான்.

"காசாத் தரட்டுமா, இல்ல ஏதாவது எடுத்துக்கிறீங்களா?" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

"லொன்கெரோ" என்றான் வெசா. "ரெண்டு."

"சாராயம் இருக்கறதா, இல்லாததா?"

"இருக்கறது."