மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஒரு கடி

எங்கள் பகுதியில் ஒஃபேலியா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘எட்டு நாய்க்காரி’ என்று கேட்டால் பூக்கடைக்காரர் முதல் மருந்துக்கடைப் பெண் வரை கை நீட்டிக் காட்டுவார்கள். அவள் என் மனைவி; மற்றவர்களின் நாய்களைக் கூலிக்கு நடக்கக் கூட்டிப்போவது அவள் தொழில். புவெனோஸ் ஐரிஸில், கபாயித்தோ பக்கம், தினமும் காலை எட்டு மணிக்கு இடுப்பில் அகலமான தோல் பெல்ட்டும் பெல்ட்டிலிருந்து எட்டு வார்களும் எட்டு நாய்களுமாக அவள் சாலையைக் கடக்கும்போது, பச்சை விளக்கு விழுந்த பிறகும் பஸ்கள் நிற்கும். நானே முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன். பச்சை விளக்கில் பஸ்காரன் ஒருவருக்காக நிற்கிறான் என்றால் அது எப்பேர்ப்பட்ட மரியாதை என்று எனக்குத் தெரியும்.

எனக்கு நாய் என்றால் நான்கு கால், ஒரு வால். அவளுக்கு அப்படியில்லை. ஒரு நாயைப் பார்த்தால் முதலில் அதன் பரம்பரை என்ன வேலை செய்தது என்றுதான் யோசிப்பாள். அவளிடம் இருந்த எட்டில் பார்டர் கோலி ஒன்று உண்டு, ரூஃபோ. ஆடு மேய்த்த வம்சம். பூங்காவில் மற்ற ஏழு நாய்களையும் ஒரே இடத்தில் குவித்து வைக்காவிட்டால் அதற்கு நிம்மதி இருக்காது; நான் பின்தங்கினால் என் கெண்டைக்காலையும் மூக்கால் இடித்துக் கூட்டத்தில் சேர்த்துவிடும். பீகிள் ஒன்று, மூக்கு தரையைத் தொட்டதும் அதன் காது செத்துப்போகும், யார் கூப்பிட்டாலும் கேட்காது. தோத்தா என்ற லாப்ரடார் ஒருமுறை வங்கி வரிசையில் நின்றவரின் பையிலிருந்து அரை ரொட்டியைக் காகிதத்தோடு விழுங்கிவிட்டு, அவருடைய கையையே அன்போடு நக்கிக்கொண்டிருந்தது. வேட்டைநாய் வம்சத்து ஒல்லிப் பெண்நாய் ஒன்று இரண்டு நிமிடம் அம்பு மாதிரி ஓடும், மிச்ச நாளெல்லாம் தூங்கும்.

அப்புறம் பொம்போன். குட்டைக்கால் டாஷ்ஹண்ட். வயிறு தரையைப் பெருக்கிக்கொண்டு போகும். அதன் முன்னோர்களை மண்ணுக்கடியில் வளைக்குள் அனுப்பி, உள்ளே பதுங்கியிருக்கும் மூர்க்கமான மிருகங்களைத் துரத்தச் சொல்வார்களாம். அதனால் அதன் மனசில் அது சிங்கம். முகம் மட்டும் பிறந்தநாள் வாழ்த்து அட்டை.

பொம்போனின் எஜமானி சுலேமா இத்துரால்தே, ஓய்வுபெற்ற பத்திரப்பதிவாளர். மூன்றாம் மாடி. எட்டு மாடிகள் உள்ள அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. ஒஃபேலியாவை அந்தக் கட்டடத்துக்கு முதலில் கூட்டிவந்தவரும் அவரே. எட்டு நாய்களில் ஐந்து அங்கிருந்து வருபவை. பதினொரு வருஷப் பழக்கம்.

போன டிசம்பரில் ஆறாம் மாடிக்கு யமிலா என்ற இளம் நர்ஸ் குடிவந்தாள். கோர்தோபாவில் அவளுடைய அண்ணன் வளர்த்த டோகோ நாயையும் கூட்டிவந்தாள். அண்ணன் தெற்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான், அங்கே நாய்க்கு இடமில்லை. வெள்ளை வெளேரென்று, கன்றுக்குட்டி அளவு உடம்பு. கொலோசோ என்று பெயர். டோகோ எங்கள் நாட்டு இனம்தான். காட்டுப்பன்றியைப் பிடிப்பதற்காக வளர்த்தெடுத்தது. ஆனால் எட்டு பேர் ஏறும் லிஃப்டில் அது ஏறினால் எட்டு பேரும் இறங்கிப் படியில் நடந்தார்கள். ஒரு வாரத்தில் லிஃப்ட் கண்ணாடியில், நாயை வெளியேற்றக் கையெழுத்து கேட்டு ஒரு தாள் ஒட்டப்பட்டது.

எங்கள் ஊரில் ஜனவரிதான் கோடை. அந்த வெயிலில் வழக்கம்போல ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மின்சாரம் போயிற்று. அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மை இருட்டு. நான்காம் மாடியில் இருக்கும் தையற்காரர் தெதெஸ்கோ ஐஸ் வாங்கக் கீழே இறங்கியிருக்கிறார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஏதோ ஒன்று அவர் காலைக் கடித்துவிட்டு மறைந்துவிட்டது. அவர் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம். அதே நேரத்தில் யமிலா கொலோசோவைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் மாடிப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தாள். வேறு சாட்சி யாருக்கு வேண்டும்? நாய் கட்டடத்தை விட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் நாயும் பெண்ணும் சேர்ந்து போக வேண்டும் என்று சனிக்கிழமை கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தது.

வியாழக்கிழமை யமிலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழுது முடித்துவிட்டு வந்த முகம். அவளுக்குத் தெரிந்த ஒரே நாய் நிபுணர் ஒஃபேலியாதான். ஒஃபேலியா அவளுக்கு மாத்தே என்ற எங்கள் ஊர்க் கசப்புத் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு நாயைப் பற்றி ஒரு மணி நேரம் விசாரித்தாள். பிறகு நேரே கிளம்பி ஆறாம் மாடிக்குப் போய் அரை மணி கொலோசோவோடு உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழியில் தெதெஸ்கோவின் கதவைத் தட்டி, காயத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் கட்டைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கிழவா, அது டோகோ கடிச்சதில்ல," என்றாள். "கணுக்காலுக்கு மேல, ரெண்டு விரல் அகலத்துக்கு ஊசி ஊசியா பல்லு. கொலோசோ வாயத் தொறந்தா என் கை முழுசும் உள்ள போகுது. அது ஒண்ணப் புடிச்சா விடாது, பன்னிய எசமான் வர்ற வரைக்கும் அப்படியே புடிச்சிட்டு நிக்கிற ஜாதி. கடிச்சிட்டு ஓடுறது அதோட ரத்தத்துலயே இல்ல."

"அப்ப எது?"

"இருட்டு. ஒடுக்கமான வழி. எதுத்தாப்புல ஏதோ அசையுது. வளைக்குள்ள போற நாய்க்கு அது படிக்கட்டா தெரிஞ்சிருக்காது."

எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் மாடியில் வளை தோண்டும் நாய் ஒன்றுதான் இருக்கிறது. பேசாமல் இரு என்றேன். பூனை குறுக்கே போவது மாதிரி சின்ன விஷயம் இல்லை இது, ஐந்து வீட்டு வேலை போய்விடும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். கூட்டத்தில் வைத்து மானத்தை வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே சுலேமாவின் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, விஷயத்தைச் சொன்னாள். மின்சாரம் போன நேரத்தில் வேலைக்காரி குப்பை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வைத்துப் போனாளா என்று விசாரியுங்கள், அவ்வளவுதான் என்றாள். பொம்போன் அப்போது சுலேமாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்ததாம். சுலேமா எழுந்து நிற்கக்கூட இல்லை. பதினொரு வருஷம் நம்பி ஒப்படைத்த குழந்தைமேல் பழி போடுகிறாயா என்று கேட்டிருக்கிறார். இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அன்று என் மனைவி ஏழு நாய்களோடு நடந்தாள். ரூஃபோ வழி நெடுக நின்று நின்று எண்ணிக்கை குறைகிறதே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை தரைத்தள நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேலே ஒரு விசிறி சும்மா சுற்றியது. யமிலா தன் சார்பில் பேச ஒஃபேலியாவைக் கூட்டிவந்திருந்தாள். நான் கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். நாயை நடக்கக் கூட்டிப்போகிறவள் உரிமையாளர் கூட்டத்தில் என்ன பேசுவது என்று ஏழாம் மாடிக்காரர் முணுமுணுத்தார். ஒஃபேலியா எழுந்தாள். பூங்காவில் நாய்களிடம் பேசுகிற அதே குரல், உயரவுமில்லை தாழவுமில்லை.

டோகோ ஒரு தேவதை என்று சொல்ல நான் வரவில்லை என்று ஆரம்பித்தாள். மற்ற ஆண் நாய்களோடு அதற்கு ஒத்துவராது, அதனால் தன் கூட்டத்தில் அதைச் சேர்க்கமாட்டேன், வேறு நாய் இருந்தால் லிஃப்டில் ஏற்றக்கூடாது, கூட்டிப்போகிறவர் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்றாள். யமிலாவே திகைத்துப்போய்ப் பார்த்தாள். பிறகு, ஒரு காது கேட்காத நாய் அது, அந்த இனத்தில் பிறவியிலேயே சிலதுக்கு அப்படி வரும், இருட்டில் எஜமானியின் காலை ஒட்டியே நடக்கும் என்றாள். தெதெஸ்கோவிடம் அனுமதி கேட்டாள். அவர் கால்சட்டையைத் தூக்கினார். தையற்காரரின் அளவு நாடா அவர் பையிலேயே இருந்தது. கடியின் அகலத்தை அளந்து எல்லோருக்கும் காட்டினாள். கொலோசோவை வரச் சொன்னாள்.

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. அது வந்தது, ஒஃபேலியா அதன் உதட்டைத் தூக்கி, பற்களின்மேல் நாடாவை வைத்தாள். கடியைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்த நேரம் முழுவதும் நாய் தன் மொத்தப் பாரத்தையும் அவள் தொடைமேல் சாய்த்துக்கொண்டு நின்றது. அவளும் அசையவில்லை.

"கடிச்சது சின்ன நாய்," என்றாள். "எதுன்னு நான் சொல்ல மாட்டேன். பயந்து போய்க் கடிச்சிருக்கு, அதுமேலயும் தப்பில்ல. ஆனா செய்யாத தப்புக்கு இவன வெளிய அனுப்புனீங்கன்னா, கடிச்சது இங்கதான இருக்கும். அடுத்த தடவ கரண்ட் போறப்ப யார் காலுன்னு யோசிங்க."

அப்போதுதான் தலைவி நாற்காலியிலிருந்து சுலேமா எழுந்தார். பத்திரம் வாசிக்கிற தோரணையில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"எங்க பொம்போன்தான்," என்றார். "நேத்து வேலைக்காரப் பொண்ணக் கேட்டேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. தெதெஸ்கோ, உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். யமிலா, உன்கிட்டயும்தான்."

தெதெஸ்கோ தலையைச் சொறிந்தார். கன்னுக்குட்டி கடித்தது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே, இப்போது வாழ்த்து அட்டை கடித்தது என்று எப்படிச் சொல்வேன் என்றார். ஏழாம் மாடிக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள், சுலேமாவைத் தவிர. ஆனால் அவரும் கடைசியில் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். வாக்கெடுப்பில் பதினான்கு பேரில் ஒன்பது பேர் கொலோசோவுக்கு ஆதரவு. ஒஃபேலியா சொன்ன நிபந்தனைகளை அப்படியே நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினார்கள். கூடவே, பொம்போனின் கழுத்தில் மணி கட்ட வேண்டும் என்றும் ஒரு தீர்மானம். அது ஏகமனதாக நிறைவேறியது. பொம்போனின் எஜமானியும் கையைத் தூக்கினார்.

வெளியே வந்து நாங்கள் இருவரும் நடந்தோம். மூலையில் ரொட்டிக்கடையில் நிறுத்தி, அவளுக்குப் பிடித்த பால்கோவா வைத்த பலகாரம் ஒரு டஜன் வாங்கினேன். டஜன் எதற்கு என்றாள். எனக்கே தெரியாது என்றேன். முந்தாநாள் நான் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னேன்.

"நீ செடிக்கு அவ்வளவு தண்ணி ஊத்துனப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு," என்றாள். "ரெண்டு செடி அழுகப் போகுது."

ஒன்பது நாள் கழித்து எங்கள் வீட்டு மணி அடித்தது. சுலேமா, கக்கத்தில் பொம்போன். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. இது வேறு யார் கூப்பிட்டாலும் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறது என்று மட்டும் சொல்லி நாயைத் தரையில் விட்டார். அது கிண்கிணி என்று மணியடித்துக்கொண்டு வந்து ஒஃபேலியாவின் செருப்பைக் கவ்வியது. அவ்வளவுதான் சமாதானம்.

கொலோசோவைக் கூட்டத்தோடு சேர்க்காமல், விடிகிற வேளையில் தனியாகக் கூட்டிப்போகிறாள். இரவுப் பணி முடிந்து வரும் யமிலா பூங்கா வாசலில் சேர்ந்துகொள்வாள். பன்றி பிடிக்கப் பிறந்த நாய் அங்கே புறாக்களைக் கண்டால் சங்கடத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது.

இப்போதெல்லாம் பக்கத்துக் கட்டடங்களிலிருந்தும் ஒஃபேலியாவைக் கூப்பிடுகிறார்கள். எந்த நாயை எந்த வீட்டில் வைக்கலாம், எதை எதோடு விடக்கூடாது என்று கூட்டம் போட்டுக் கேட்கிறார்கள். அவளும் அதற்கென்று ஒரு நீலப் பாவாடை வாங்கியிருக்கிறாள். நான் கூடவே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். பேசுவது என் மனைவி என்று பக்கத்தில் இருப்பவரிடம், அவர் கேட்காவிட்டாலும், சொல்லிவிடுகிறேன்.