கடல் தெய்வத்தின் அரைஞாண்

தகரா நகரத்தில் விரல் நீள வெண்கல யானை வார்ப்பதில் சாமகனை மிஞ்ச ஆள் கிடையாது. ஊரார் இதைச் சொல்வதற்குள் அவனே சொல்லிவிடுவான். ஆனாலும் அவனுடைய யானைகள் மாட்டு வண்டியேறிப் பக்கத்து ஊர்ச் சந்தைகளோடு நின்றுவிட்டன. தன் கைவேலை ஒன்றாவது கடல் தாண்ட வேண்டும் என்பது அவன் ஆசை. கடலை அவன் பார்த்ததில்லை.

அந்த ஆசைக்கு வழிவிட்டவன் தியோன் என்ற யவன வணிகன். எட்டு வருஷமாகத் தகராவிலேயே பெண் கட்டிக்கொண்டு குழந்தை குட்டியோடு இருப்பவன். தன் நாட்டிலிருந்து கொண்டுவந்த சாண் உயரக் கடல் தெய்வச் சிலையைக் கொடுத்து, அதேபோல் ஒன்று வார்த்தால் அங்கே இருக்கும் தம்பிக்குக் கப்பலில் அனுப்புவேன் என்றான். அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதை மூன்று தடவை சொன்னான்.

சாமகன் சோறு தண்ணீர் மறந்து மெழுகில் உருவம் பிடித்தான். தாடிச் சுருள் ஒவ்வொன்றும் கடுகளவு. மேலே பூச மண் எடுக்க அவன் ஆற்றுக்குப் போன நேரத்தில், மனைவி நாகசிரி வந்து பார்த்தாள். ஒட்டுத்துணி இல்லை, அது போகட்டும், இடுப்பில் ஓர் அரைஞாண் கூடவா இல்லை? பெற்றவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? மெழுகை நூலாகத் திரித்துச் சுற்றி, முடிச்சும் போட்டுவிட்டாள். திரும்பி வந்தவன் தாடியை மட்டும் ரசித்துவிட்டு மண்ணைப் பூசினான்.

மெழுகு உருகி ஓடி, வெண்கலம் இறங்கி ஆறிய பிறகு மண்ணை உடைத்தபோதுதான் கயிறு கண்ணில் பட்டது. அதைத் தேய்த்தெடுக்க அரத்தை எடுத்தான்.

"செத்தவங்களுக்குத்தாங்க அரைஞாண அறுப்பாங்க," என்றாள் நாகசிரி. "உசுரோட இருக்கிற சாமிக்கு அறுக்கப் போறீங்களா?"

அவனுக்குக் கை வரவில்லை. மறுநாள் தியோன் வந்தான். அவன் கண் நேராக இடுப்பில் போய் நின்றது. சாமகன் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தான். தியோன் தன் உடையை விலக்கி, இடுப்பில் கிடந்த கறுப்புக் கயிற்றைக் காட்டினான். கல்யாணமான மறுநாளே மனைவி கட்டிவிட்டாளாம்.

"இந்தச் சாமி எங்கூடவே இருக்கட்டும் சாமகா. தம்பிக்குப் பழசையே அனுப்பிடறேன்."

வேலை பிடித்துப்போனதாலேயே கடல் தாண்ட முடியாமல் போயிற்று. சாமகனுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசல்வரை போன தியோன் பழைய சாமியோடு திரும்பி வந்தான்.

"இதுக்கும் ஒரு கயிறு கட்டிக் குடுப்பா. வெறும் இடுப்போட கப்பலேத்த மனசு வரல."

கயிறாவது கடல் தாண்டுமே என்று சாமகன் முகம் மலர்ந்தது. வெண்கலக் கம்பியை மயிரிழையாக இழுத்துச் சுற்றினான். எவ்வளவு முயன்றும் முடிச்சு மட்டும் அவன் விரலுக்கு அடங்கவில்லை. நாகசிரி வாங்கி ஒரே நொடியில் போட்டாள்.

"முடிச்சு என்னோடதுங்க," என்றாள். "கடல் எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்றேன்."