துணை இருவர் இல்லாமல் மாடி ஏறக்கூடாது

மேல்படிப்புக்குக் கடல் கடந்து போன என் அக்கா மகளுக்கு அங்கே குளிர் ஒத்துக்கொண்டது, சாப்பாடு ஒத்துக்கொண்டது, அவளுடைய சக்கர நாற்காலிக்குச் சாலைகளும் ஒத்துக்கொண்டன. ஒத்துக்கொள்ளாதவர் கல்லூரியின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர்தான்.

அவளுடைய ஆய்வுக்கூடம் நான்காம் மாடியில். லிஃப்ட் உண்டு. ஆனால் தீப்பிடித்தால் லிஃப்ட் நின்றுவிடுமே, அப்போது இவளை இறக்குவது யார்? அதிகாரியே கேட்டு, அதிகாரியே பதிலும் சொன்னார்: பயிற்சி பெற்ற துணைவர் இருவர் உடனில்லாமல் இவள் மாடி ஏறக்கூடாது. திட்டத்துக்குக் ‘கண்ணியக் கவசம்’ என்று பெயர் சூட்டி, மாலை போட்டுக்கொள்ளாத குறையாகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

துணைவர்களாக வாய்த்தவர்கள் கூடப் படிக்கும் நம்மவர்கள் இருவர், நெட்டையும் குண்டனும். நெட்டைக்கு மத்தியானம்தான் விடியும். குண்டன் சாப்பிடப் போனால் எப்போது திரும்புவான் என்பது அவனுக்கே தெரியாது. இவள் லிஃப்ட் வாசலில் தேவுடு காத்துக்கொண்டிருக்க, மேலே ஆய்வுக்காகக் கண்ணாடித் தட்டில் இவள் வளர்த்த உயிர்ச் செல்கள் தீனி கிடைக்காமல் இரண்டு முறை செத்தன. இன்னொரு முறை செத்தால் பட்டம் கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அதிசயமாக இருவரும் நேரத்துக்கு வந்த ஒரு நாளில், அவள் தீனியைக் கையில் எடுக்கும்போது தீ ஒத்திகை மணி அலறியது. கட்டடத்தை விட்டு முதலில் வெளியேறிய இருவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

மாடிப்படி ஓரத்தில், இறக்க ஆள் வரும்வரை காத்திருக்கத் தனக்கென்று கட்டம் போட்டிருந்த இடத்தில் அவள் போய் இருந்தாள். துணைவர்கள் அவளை இறக்கும் அழகைக் கண்ணாரக் காண அதிகாரி படியேறி வந்தார். கடைசிப் படியில் நெட்டை விட்டுவிட்டு ஓடிய செருப்பு. கணுக்கால் பிசகி, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் குண்டனுக்குப் போன் போட்டாள்.

“எங்கடா இருக்க?”

“கீழதான்க்கா. ஆமா, நீங்க எங்க?”

“மேல. வந்து இறக்குங்கடா.”

“அதிகாரி நேர்ல வந்து சொல்லாம யாரும் உள்ள போகக்கூடாதுக்கா.”

“அவரும் இங்கதான் உட்கார்ந்திருக்கார்.”

அதிகாரி போனைப் பிடுங்கி உத்தரவிட்டார். போனில் சொன்னால் செல்லாது என்று விதி போட்டதே அவர்தான் என்பதைக் குண்டன் மிகுந்த பணிவோடு நினைவுபடுத்தினான்.

மணி ஓய்ந்திருந்தது. ஆய்வுக்கூடம் நாலடி தள்ளித்தான். அவள் சக்கரத்தைத் திருப்பினாள். துணைவர் இருவர் வேண்டுமே என்று அந்த நிலையிலும் அதிகாரி முனகினார்.

“நீங்க ஒருத்தர் சார். குண்டன் இன்னும் போன்ல இருக்கான்.”

அவர் யோசித்தார். பிறகு அவளுடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னாலேயே போனார். அவர் காலுக்கு ஐஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் செல்களைக் கவனித்தாள். உள்ளே ஆள் அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்று கீழே பேசி முடிப்பதற்குள் செல்கள் சாவகாசமாகச் சாப்பிட்டு முடித்தன.

விதி திருத்தப்பட்டது. அந்த மாடியில் வேலை செய்யும் எல்லோருக்கும் பயிற்சி. அவள் இனித் தனியாகவே ஏறலாம். கால் குணமாகும் வரை அதிகாரிதான் துணைவர் இருவர் இல்லாமல் ஏறக்கூடாதாம்.

காலையில் அவள் லிஃப்டுக்குள் நுழையும்போது அவர் வாசலில் நின்றுகொண்டிருப்பாராம். கதவு மூடுவதற்குள் அவசரமாகக் கேட்பாராம்:

“நெட்டை எழுந்துட்டானாம்மா?”