கருணாகர ஷெட்டி கேட்ட அறைகள்

பெங்களூரு ஜெயநகரில் ரஜனி ஹெக்டே நடத்திய மென்பொருள் அலுவலகத்தில், வாடிக்கையாளர் புதிதாக ஒன்று கேட்கும்போதெல்லாம் ஓர் அறை முளைத்தது. குந்தாபுரத்துக் கருணாகர ஷெட்டிக்கு முதலில் தன் பேருந்துகளுக்கு முன்பதிவுச் செயலி மட்டும்தான் வேண்டியிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் பார்சல் அனுப்பவும் வழி வேண்டுமென்றார். மேற்குச் சுவரில் ஒரு கதவு வந்தது. தசராவுக்குப் பெண்களுக்குத் தனி இருக்கை என்றார், அதற்கொரு அறை. பிறகு பார்சலில் மீன் ஏற்றலாம் என்றார், கூடாது என்றார், ஏற்றலாம் ஆனால் ஏசி பஸ்ஸில் கூடாது என்றார். வெளியே நின்று பார்த்தால் கட்டடம் பழைய அளவேதான். உள்ளே தேநீர் கொண்டுவருபவர் வழி தவறி, ஆறிய கோப்பைகளோடு திரும்பினார். முடித்துக் கொடுத்த வேலைகளின் அறைகள் நிலைத்தன. ஷெட்டி வேண்டாமென்றவை சுருங்கிச் சுவரோடு சுவராயின. ரஜனி எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. "ஆகட்டும் ஷெட்ரே" என்பாள். போனை வைத்ததும் தலையைப் பிடித்துக்கொள்வாள்.

பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பயணிக்குத் தெரியவேண்டும் என ஷெட்டி கேட்டபோது முளைத்த அறை, மலைப்பாதைபோல வளைந்து வளைந்து போனது. அந்த வேலையைச் செய்ய உள்ளே போன ஸ்ரீவத்ஸாவுக்குத் திரும்பும் வழி அகப்படவில்லை. குரல் மட்டும் வந்தது. அவன் மனைவி நேத்ரா சாப்பாட்டோடு வந்து கதவருகே உட்கார்ந்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஆகும்பே மலை வளைவு மாதிரி இருக்கு. வேலைய முடிச்சா வழி தெரியும்."

"நீங்க என்னைக்கு எதை முடிச்சிருக்கீங்க?" என்றாள், குரல் உடைந்தது.

மதியம் ஷெட்டி போன் செய்தார். "அம்மா, பஸ் எங்க வருதுன்னு காட்டறது வேணாம். நம்ம டிரைவருங்க டீக்கடையில நிக்கிறது ஊருக்கே தெரிஞ்சிடும்." கதவு நிலை முறுகத் தொடங்கியது.

"முடியாது ஷெட்ரே!" என்று ரஜனி கத்தினாள். "உள்ள ஆள் இருக்கான். நீங்க அது வேணும்னு நினைச்சே ஆகணும்!"

அன்று டயர் வாங்கப் பெங்களூரு கலாசிபாளையத்துக்கு வந்திருந்த ஷெட்டி, ஆட்டோ பிடித்து வந்து நேத்ராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தோசை கேட்டு, தட்டு வருவதற்குள் இட்லிக்கு மாறுகிற மனிதர் அவர். கண்ணை மூடிக்கொண்டு "வேணும், வேணும்" என்றார். கதவு சற்றே விரிந்தது. "ஆனா டீக்கடைய மட்டும் மறைச்சுட்டா..." என்று இழுத்தார், மறுபடி நெரிந்தது.

"வாய மூடுங்க ஷெட்ரே!" என்றாள் நேத்ரா.

அவர் வாயை மூடினார். பேருந்துகளுக்குச் சொந்தக்காரர், அவர் எதற்காகவும் நின்று காத்திருந்ததில்லை. உள்ளே ஸ்ரீவத்ஸாவின் இருமல் கிட்டத்தில் கேட்டது, பிறகு தூரத்தில், பிறகு கேட்கவே இல்லை.

"எவ்வளவு தூரத்துல இருக்கான்?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியலையே" என்றாள் அவள், கதவை விட்டுக் கண்ணெடுக்காமல்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பயணியைப் பார்ப்பதுபோல ஷெட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப்பின் கதவு அசையவில்லை.

சாயங்காலம் தலையெல்லாம் சுண்ணாம்போடு ஸ்ரீவத்ஸா வெளியே வந்தான். நேத்ரா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு சாப்பாடு ஆறிப்போனதற்குத் திட்டினாள்.

மறுநாள் ஷெட்டி போன் செய்து, நாய்க்குட்டிக்கும் டிக்கெட் போட முடியுமா என்றார். தெற்குச் சுவரில் கதவு வந்தது. "ஒரு வாரம் இதையே நினைச்சுட்டிருங்க ஷெட்ரே. அப்புறம் ஆள அனுப்பறேன்" என்றாள் ரஜனி. ஸ்ரீவத்ஸா அந்தக் கதவைத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தான். அந்தப் பக்கமிருந்து நல்ல காற்று வந்தது.