இடம் மாறிய ஸ்டாம்ப்

என் கணவர் ஸ்டாம்ப் சேர்க்கிறார் என்றதும் எல்லோரும் ஆல்பத்தைக் காட்டச் சொல்வார்கள். ஆல்பமெல்லாம் கிடையாது. ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டிய ஸ்டாம்பை மட்டும்தான் அவர் சேர்ப்பார். வாடகை ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்புக்குப் பதிலாகத் தபால் ஸ்டாம்பை ஒட்டி, அதன் மேலேயே கையெழுத்தும் போட்ட வீட்டுக்காரர். ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி மருமகளுக்குக் கடிதம் எழுதிய யாரோ ஒரு மாமியார். அதைக் கவனிக்காமல் முத்திரை குத்தி அனுப்பிய தபால் ஆபீஸ். ஊரார் தப்பெல்லாம் எங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. என் துணிமணிக்குத்தான் இடமில்லை.

கல்யாணமான புதிதில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அப்படி ஓர் உறையைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஸ்டாம்பைக் கிழியாமல் எடுத்துக் கொடுத்தேன். மனிதர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. "உறையோட இருந்தாத்தான் அது தப்பு. பிரிச்சா வெறும் ஸ்டாம்ப்" என்றார். இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஒட்டியவர் தெரியாமல் ஒட்டியிருக்க வேண்டும். சேர்க்கிறவர்களிலேயே சிலர் வேண்டுமென்றே மாற்றி ஒட்டித் தங்களுக்கே அனுப்பிக்கொள்வார்களாம். அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இவர் முகம் சுளிப்பார்.

சமீபத்தில் என் தொண்டையில் ஒரு கட்டி. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை ஆபரேஷன் என்று முடிவானது. "உயிருக்கு ஒண்ணும் பயமில்ல. குரல் மட்டும் மாறலாம். சிலருக்குத் திரும்பாமலும் போகலாம்" என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எனக்குச் சட்டென்று அண்ணன் ஞாபகம்தான் வந்தது. சின்ன வயதில் என்னை 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவான். வேறு பெயர் எனக்கு இருப்பதே அவனுக்கு மறந்திருக்கும்.

அவனோடு பேச்சு நின்றுபோய்ப் பல வருடம். அண்ணி சாவுக்கு நான் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். என் வாய் சும்மா இருந்ததா? "உயிரோட இருந்தப்ப நீ அவளை நல்லா வச்சிருந்தா நான் வழி கேட்டே வந்திருப்பேன்" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் வார்த்தை வெளியே போயாச்சு. அதற்குப் பிறகு யார் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவான். அந்தக் குரலே போகப்போகிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரி பெயர், நாள் எல்லாம் போட்டுக் கடிதம் எழுதினேன். "ஆபரேஷனுக்கு முன்னால் வா. இந்தக் குரலோடு ஒரு தடவை உன்னிடம் பேச வேண்டும்." பதிவுத் தபாலில் அனுப்பினால் என் பெயரைப் பார்த்ததுமே வாங்காமல் திருப்பிவிடுவான். சாதாரணத் தபால் என்றால் கேட்காமல் வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். கண்ணில் பட்டால் வியாழக்கிழமைக்குள் எப்படியும் பிரிப்பான் என்று கணக்குப் போட்டேன். ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போடும் வேலையை இவரிடம் கொடுத்தேன். ஸ்டாம்ப் விஷயத்தில் இவரை நம்பாமல் யாரை நம்புவது?

புதன்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரிக்குப் போகப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். மரக்கடையில் கணக்கு எழுதிவிட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். பேயறைந்தவர் மாதிரி முகம்.

"என்னங்க?"

"இன்னிக்குச் சம்பளம் போட்டாங்க. வவுச்சர்ல ஒட்ட ரெவின்யூ ஸ்டாம்ப் எடுத்தேன்." சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். தபால் ஸ்டாம்ப். "ரெண்டையும் ஒண்ணாத்தான் வாங்கி வச்சிருந்தேன். இது இங்க இருக்குன்னா அது..."

"அது என் கடுதாசிலயா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தபாலுக்குச் செல்லாத ஸ்டாம்ப் என்று தபால்காரர் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுவார், அபராதம் கட்டச் சொல்வார். எதற்காகச் சாதாரணத் தபாலில் அனுப்பினேனோ அதுவே கெட்டது. 'வேண்டாம்' என்று சொல்ல அவனுக்கு வசதியாக ஒரு வாய்ப்பைக் கையில் கொடுத்தாயிற்று. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழனிப் பானையில்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இன்னொரு எண்ணம் வந்து தொலைத்தது. கேட்டும்விட்டேன்.

"வேணும்னே ஒட்டினீங்களா? திரும்பி வந்தா அலமாரில வைக்கலாம்னு?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, நான் அடுக்கிய துணியையே திரும்ப அடுக்க ஆரம்பித்தார். அண்ணியைப் பற்றிச் சொன்ன அன்றைக்குக் கடித்த அதே நாக்கை மறுபடியும் கடித்தேன். ஆனால் சந்தேகம் போகவில்லை. முப்பது வருடமாக அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பச்சை அங்கியோடு உட்கார்ந்திருந்தேன். காரிடாரில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். மருந்து வண்டி வந்தது, பக்கத்துக் கட்டில்காரியின் மருமகன் வந்தான். நர்ஸ் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரத்துல கூட்டிட்டுப் போவோம்" என்றாள். இவர் கதவைப் பார்த்தபடியே நின்றார். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது அண்ணன் வந்தான். பாதியாக இளைத்து, தலை முழுக்க நரைத்து, கையில் ஒரு துணிப்பையோடு.

"உன் கடுதாசியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கேன், தெரியுமா?" என்றான் வந்ததும் வராததுமாக. "கட்டறீங்களா, திருப்பி அனுப்பட்டுமான்னு தபால்காரன் வாசல்ல நின்னு கேக்கறான். சும்மா போட்டுட்டுப் போயிருந்தா பிரிக்காம மூலையில எறிஞ்சிருப்பேன். காசு கொடுத்ததைப் படிக்காம இருக்க முடியுமா?"

நான் கட்டிலில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவன் இவர் பக்கம் திரும்பினான். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். உள்ளே அந்த ரெவின்யூ ஸ்டாம்ப், சுத்தமாக, தட்டையாக. "மாப்பிள்ளை, நீங்க ஸ்டாம்ப் சேர்க்கறவராச்சே. தண்ணில ஊறப்போட்டு, ஒரு முனைகூடக் கிழியாம எடுத்துட்டு வந்தேன். அந்த உறையைத் தூக்கிப் போட்டுட்டேன்."

எனக்குப் பகீரென்றது. இவர் முகத்தையே பார்த்தேன். மனதில் அந்த எண்ணம் இருந்திருந்தால் இப்போது காட்டிக் கொடுத்துவிடும்.

அவர் ஸ்டாம்பைப் பார்க்கவே இல்லை. காகிதத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு அண்ணனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வந்துட்டீங்களே மச்சான், வந்துட்டீங்களே" என்றார். சொல்லிக்கொண்டே அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. எப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டுவிட்டேன்!

நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தாள்.

"என்ன வாயாடி, பேசணும்னுதானே கூப்பிட்ட? பேசு" என்றான் அண்ணன்.

கேட்க வேண்டிய மன்னிப்பு, அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டியது, எல்லாவற்றையும் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வண்டியில் ஏறிப் படுத்த பிறகுதான் குரல் வந்தது.

"சாப்ட்டியாண்ணா?"

"இல்ல" என்றான். "நீ வா, சேர்ந்து சாப்பிடலாம்."