பத்துமலையின் படையல் காட்சி

'ஒன்பதாம் நிரை' படத்தை விரும்பிப் பார்த்த ஒரே மனிதன் பவித்ரன்தான் என்று அவன் நண்பன் தனேஸ்வரன் கேலி செய்வதுண்டு. அதில் பெரிய பொய் இல்லை. படம் ஈப்போவில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பார்த்த சிலரும் முகநூலில் வந்து திட்டித் தீர்த்தார்கள். பேய் வரும்போது சிரிப்பு வருகிறது, சிரிப்பு நடிகர் வரும்போது பயமாக இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். பேயின் காலில் மழை பூட்ஸ் இருந்ததை இன்னொருவர் படம்பிடித்துப் போட்டார். அதற்குத்தான் நிறையப் பேர் விருப்பக்குறி இட்டார்கள்.

பவித்ரன் சிம்பாங் பூலாயில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறான். வீடு புந்தோங்கில். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவன் வீட்டுக் கூடத்தில் ஓடாத படங்கள் ஓடும். தனேஸ்வரனும் அவன் மனைவி புஷ்பலதாவும் இன்னும் சில நண்பர்களும் கச்சாங் கடலைப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, வசனத்துக்கு வசனம் பதில் சொல்லிச் சிரிப்பார்கள். பவித்ரனும் சிரிப்பான். ஆனால் அவனுக்கு அந்தப் படங்களை உண்மையாகவே பிடிக்கும். நல்ல படத்தில் அதை எடுத்தவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார்கள், மோசமான படத்தில் பாவம், அங்கேயே நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பான். ஒட்டுமீசையை அழுத்திப் பிடிக்கும் விரலையும், சட்டகத்துக்குள் நீண்டுவிட்ட மைக்கையும் பார்த்தால் அவனுக்கு அந்த மனிதர்கள்மேல் ஒரு பாசம் வந்துவிடும்.

'ஒன்பதாம் நிரை'யைத் திரையரங்கில் பார்த்த பிறகு அது வேறெங்கும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருக்கிறதா என்று முகநூலில் அவ்வப்போது கேட்டு வந்தான். கேலியான பதில்கள் வந்தன. ஒருநாள், தன்னிடம் இருக்கிறது என்று ஒரு பெண் செய்தி அனுப்பினார். பெயர் விமலா. பீடோரில் ஒரு பேக்கரியில் வேலை செய்பவர். படத்தை எடுத்து, அதில் செத்துப்போகும் கணவனாக நடித்த பத்துமலையின் மனைவி.

பத்துமலை இப்போது இல்லை என்பது அப்போதுதான் பவித்ரனுக்குத் தெரிந்தது.

தொலைபேசியில் விமலா முதலில் கேட்டது ஒன்றுதான். கேலி பண்ணுவதற்காகவா இந்தப் படத்தைத் தேடுகிறான்? பவித்ரன் கொஞ்சம் யோசித்து, நண்பர்கள் கேலி பண்ணுவார்கள், தனக்குப் பிடித்திருக்கிறது என்று உள்ளதைச் சொன்னான். அந்தப் பதில் விமலாவுக்குப் போதுமாக இருந்தது போலும். படத்தைத் தருவதாகச் சொன்னார். ஆனால் ஒரு காட்சியை வெட்டிவிட வேண்டும் என்றார். கணவன் செத்த பிறகு வரும் படையல் காட்சி.

ஏனென்று அவன் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

பீடோருக்கு உள்ளே மூடிக்கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் காலிசெய்துபோன லயத்து வீட்டில் படப்பிடிப்பு நடந்தது. காட்சிக்கு ஒரு செத்தவனின் படம் வேண்டும். பத்துமலை தன்னுடைய படத்தையே பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு எடுத்து வந்துவிட்டார். மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, இலை போட்டுச் சோறும் வடையும் பரப்பியாயிற்று. விளக்கேற்ற வேண்டிய நேரத்தில், மனைவியாக நடித்த பெண் முடியாது என்று எழுந்துவிட்டாள். எதிரில் உயிரோடு நிற்கும் மனிதனின் படத்துக்கு நான் விளக்கேற்ற மாட்டேன், எனக்குப் பாவம் வேண்டாம் என்றாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. பொழுது போய்க்கொண்டிருந்தது. கையை மட்டும் நெருக்கத்தில் காட்டிக்கொள்ளலாம் என்றார் பத்துமலை. அந்தக் கை விமலாவின் கை ஆயிற்று.

"நான்தான் ஏத்துனேன் தம்பி. ஏத்திட்டு நிமிந்து பாத்தேன். அவரு கேமராவுக்குப் பக்கத்துல நின்னாரு. முகம் அப்படியே இருண்டுபோச்சு. அதுவரைக்கும் சிரிச்சிக்கிட்டு இருந்த மனுசன். ஏதோ தெரிஞ்சிபோன மாதிரி என்னைப் பாத்தாரு."

அடுத்த தீபாவளிக்கு முன்பே பத்துமலை போய்விட்டார். வேலை முடிந்து தாப்பாவிலிருந்து திரும்பும்போது நெஞ்சுவலி. இறுதிச் சடங்குக்கு வீட்டில் வேறு பெரிய படம் இல்லாததால் அதே கண்ணாடிப் படத்தை எடுத்து வைத்தார்கள். அதே இடத்தில் மாலை, அதே நெற்றியில் பொட்டு. பத்துமலைக்குச் சின்னம்மா முறையாகும் காளியம்மா பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து, உயிரோடு இருந்தவனுக்கு அன்றைக்கே எல்லாம் செய்து முடித்துவிட்டாளே என்று சொன்னது விமலாவின் காதில் விழுந்தது.

அந்தக் கண்ணாடிப் படம் அதன் பிறகு அலமாரிக்குள் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. சாமி மேடையில் விளக்கேற்றும்போதெல்லாம் விமலா தலையை நிமிர்த்துவதில்லை. நிமிர்ந்தால் எதிரே அந்த இருண்ட முகம் நிற்கிறது. முதலில் அலமாரிக் கண்ணாடியில் மட்டும்தான் தெரிந்தது. பிறகு சன்னலில், பிறகு பேக்கரியில் அடுப்பின் கண்ணாடிக் கதவில். அவர் கோபமாகப் பார்ப்பதில்லை. தெரிந்துகொண்டவரைப் போலப் பார்க்கிறார், அதுதான் தாங்க முடியவில்லை என்றார் விமலா.

கடவுள் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லப் பவித்ரனுக்கு நாக்கு வரை வந்தது. ஒரு பெண் ஏற்றிய விளக்கைச் சாக்காக வைத்து ஓர் உயிரை எடுப்பவரை அவன் ஒருநாளும் கும்பிட்டதில்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் கடவுளைப் பற்றி விளக்கிச் சொல்வது சுலபம். அவர் கேட்பதைச் செய்துகொடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். வெட்டிவிடுகிறேன் அக்கா என்றான். தானும் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா என்று விமலா கேட்டார். திரையரங்கில் அந்தக் காட்சி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டவர், பிறகு படம் முடியும் வரை திறக்கவேயில்லையாம்.

விமலா அனுப்பிய படத்திலிருந்து அந்தக் காட்சியைக் கணினியில் வெட்டும்போது பவித்ரனுக்கு மனம் வரவில்லை. படத்திலேயே அவனுக்கு மிகப் பிடித்த தவறு அதில்தான் இருந்தது. படப்பிடிப்பில் நின்ற யாரோ ஓர் ஆள் மாலை போட்ட படத்தின் கண்ணாடியில் தெரிகிறான், அதுவும் எதையோ மென்றுகொண்டு. ஆனாலும் சொன்ன சொல்லுக்கு வெட்டினான். முழுப் படத்தையும் தனியே வைத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே பேருந்து நிலையத்துக்குப் போய் விமலாவை அழைத்து வந்தான். தனேஸ்வரனிடம் முன்கூட்டியே கெஞ்சியிருந்தான், இன்றைக்கு ஒரு நாள் வாயைக் கட்டிக்கொள் மச்சான் என்று. தனேஸ்வரன் நல்லவன். சட்டையை மாற்றிக்கொண்டு, கச்சாங்கைக்கூடச் சத்தம் வராமல் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் படத்தின் வெளிச்சம் மட்டும் இருந்தது. சாவு வீட்டில் போல எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் பொறுத்த விமலா திரும்பிப் பார்த்தார்.

"ஏன் யாரும் சிரிக்க மாட்டேங்கிறீங்க? அவ்ளோ மோசமாவா இருக்கு?"

தனேஸ்வரன் திருதிருவென விழித்தான். அந்த நேரம் பார்த்து ஒன்பதாம் நிரை ரப்பர் மரங்களுக்கு இடையில் பேய் வந்தது. வெள்ளைத் துணிக்குக் கீழே மழை பூட்ஸ் பளபளத்தது. பேய் ஒரு வேரில் தடுக்கி, விழப்போய், சமாளித்து, மறுபடியும் பயங்கரமாகக் கையை உயர்த்தியது. தனேஸ்வரன் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது.

"சிரிங்கலா," என்றார் விமலா. "அங்க அட்டை ஜாஸ்தி. பூட்ஸ் இல்லாம வர மாட்டேன்னு பேயா வந்தவரு சொல்லிட்டாரு."

அதன் பிறகு கூடம் பழைய நிலைக்கு வந்தது. பேய்க்கு அட்டை கடிக்குமா என்று தனேஸ்வரன் ஆரம்பித்தான். விமலாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் கணவன் சாகும் கட்டம் நெருங்க நெருங்க அவர் சிரிப்பு நின்றதைப் பவித்ரன் மட்டும் கவனித்தான். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். திரையில் பத்துமலை ஒரு மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீளமாக வசனம் பேசிவிட்டுச் செத்தார். குழி மூடப்பட்டது. உடனே இரவு, ஊளைச் சத்தம், பேய். வெட்டிய இடம் தெரியாமல் படம் தாவிப் போயிற்று.

எந்தத் தீய எண்ணமும் இல்லாமல் புஷ்பலதா கேட்டாள்:

"ஏங்க, செத்த மனுசனுக்கு ஒன்னுமே செய்யலையா இவங்க? அப்படியே வுட்டுட்டாங்க? அதான் இவரும் பேயா அலையுறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். விமலா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் திரையைப் பார்த்த மாதிரியும் தெரியவில்லை.

படம் முடிந்து மற்றவர்கள் கிளம்பினார்கள். தனேஸ்வரன் விமலாவின் முன்னால் வந்து நின்று, வெட்கத்தோடு, நிஜமாகவே நல்லா இருந்துச்சுக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். மழை விடவில்லை. கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. விமலா எழுந்திருக்கவில்லை.

"அந்த எடம் இருக்கா தம்பி? இல்ல, அழிச்சிட்டீங்களா?"

இருக்கிறது என்றான்.

"போடுங்க. இப்ப அந்தப் பொண்ணு கேட்டது சரிதான். நான் பயந்துகிட்டு அவருக்கு ஒன்னுமே இல்லாமப் பண்ணிட்டேன்."

பவித்ரன் தயங்கினான். இத்தனை நாள் இவரைத் துரத்திய முகத்தைத் தன் கையாலேயே திறந்து காட்டுவதா? பார்த்துவிட்டு இவர் எப்படி வீட்டுக்குப் போவார்? வேண்டாம் என்று சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்றும் பட்டது. அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இதில் ஒரு தவறு இருக்கிறது, படத்தின் கண்ணாடியில் யாரோ தெரிவார்கள், திடுக்கிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காட்சியை ஓட விட்டான்.

லயத்து வீட்டின் கரிபிடித்த சுவர். இலையில் சோறு, வடை. சம்பங்கி மாலைக்குள் பத்துமலையின் முகம், அசையாமல். விமலா மூச்சை இழுத்துக்கொண்டார். கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை உள்ளே வந்து தீக்குச்சியைத் திரியில் வைத்தது. சுடர் எழுந்ததும் கண்ணாடிக்கு வெளிச்சம் வந்தது. மாலை போட்ட முகத்தின் மேலேயே இன்னொரு முகம் வந்து நின்றது. மங்கலாக, பாதி நெற்றி மாலையில் மறைந்து, தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அவரு," என்றார் விமலா.

பவித்ரன் திரையை நோக்கிக் குனிந்தான். இத்தனை முறை பார்த்தும் அவனுக்கு அது யாரோ ஓர் ஆளாகத்தான் இருந்தது. இறந்தவரின் படத்துக்குள் அதே மனிதர் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

வளையல் கை சட்டகத்தை விட்டு விலகியது. அந்த நொடியில் கண்ணாடியில் இருந்த தாடை நின்றுபோனது. கன்னம் உப்பியபடி முகம் உறைந்தது. கண்கள் விரிந்து எதையோ பார்த்தன. பிறகு ஒரு கை அவசரமாக முதுகுக்குப் பின்னால் போனது. அந்தக் கையில் பாதி கடித்த வடை.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டான். நிறுத்திப் பார்த்தால் அந்த முகம் வெறும் அழுக்குப் போலத்தான் தெரிந்தது. ஓட விட்டால்தான் உயிர் வந்தது. கை விலகியது, தாடை நின்றது, கண் விரிந்தது, வடை முதுகுக்குப் பின்னால் போனது. மூன்றாம் முறை விமலா தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நான் அப்பதான் நிமிந்து பாத்தேன்," என்றார் மெதுவாக. "காலையிலேர்ந்து ஒன்னும் திங்கல அன்னிக்கு. படையலுக்குச் சுட்டது, தொடக்கூடாதுன்னு நான் சத்தம் போட்டு வச்சிருந்தேன். எனக்குப் பயந்துகிட்டு முழுங்க முடியாம நின்னுருக்காரு மனுசன்."

நல்ல படம் எடுக்கத் தெரிந்தவராக இருந்திருந்தால் பத்துமலை அந்த நிழலைக் கண்டுபிடித்திருப்பார், மறுபடி எடுத்திருப்பார். அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் பவித்ரனுக்கு இறைவனின் அருள் என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இந்த எடத்தை வெட்டாதீங்க தம்பி. இருக்கட்டும்."

சரிக்கா என்றான்.

காட்சி அதற்குள் தானாக அடுத்ததற்குப் போயிருந்தது. விளக்கேற்ற மறுத்த அந்தப் பெண் திரையில் தலைவிரிகோலமாக உட்கார்ந்து, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல் ஓவென்று அழுதாள். நடுவில் ஒரு முறை கேமராவைப் பார்த்து, சரியாக அழுகிறேனா என்று கேட்பது போல் நிறுத்திவிட்டு மறுபடியும் அழுதாள்.

"பாருங்க, இவளுக்கு அழத் தெரியாது, வேணாம்னு அப்பவே சொன்னேன்," என்றார் விமலா. சிரித்தார். சிரிப்பின் நடுவிலேயே குரல் உடைந்து, சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினார்.

பவித்ரன் படத்தை நிறுத்தவில்லை. தேநீர் போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனான். தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. அவன் அடுப்பைக் குறைத்துவிட்டு, கூடத்தில் இரண்டு பெண்கள் அழும் சத்தத்தையும் கூரையில் மழையையும் கேட்டபடி, கையில் காலிக் குவளையோடு அங்கேயே நின்றான்.