சின்னவள் விண்வெளிக்குப் போனபோது

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். பெரியவள் நகரப் பேருந்து ஓட்டினாள். சின்னவள் விண்வெளிக்குப் போனாள். அந்த நாட்டிலிருந்து அங்கே போன முதல் பெண் அவள்தான். "எங்க வீட்டுல ரெண்டு பேருமே வண்டிக்காரிங்கதான். ஒருத்தி வண்டி கொஞ்சம் உசரமாப் போகும், அவ்வளவுதான்" என்று பெரியவளின் கணவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சின்னவள் தேர்வானபோது அவள் மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. பயிற்சி நிலையம் எங்கோ தொலைவில். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. கணவனுக்கோ மருத்துவமனையில் நேரங்காலம் இல்லாத வேலை. சேதி சொல்ல வந்தவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முடியாதுன்னு சொல்லிடப் போறேன்க்கா."

ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்த பெரியவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொல்லிடு. அப்புறம் ஆயுசுக்கும் மொட்டை மாடியில நின்னு அண்ணாந்து பாத்துக் கழுத்தைச் சுளுக்கிக்கோ. பேசாம குழந்தைய இங்க குடுத்துட்டுப் போ."

பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதும் இல்லை. டிப்போவில் கெஞ்சிக் கூத்தாடி மாலை ஷிப்டைக் கைவிட்டாள். குழந்தை அவள் இடுப்பில் வளர்ந்தது, அவள் விரலைப் பிடித்து நடந்தது. "பெரியம்மா சொல்லு" என்று வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பாடம் நடத்தினாள். அந்தப் பிஞ்சு நாக்கு முன்பாதியைக் கீழே போட்டுவிட்டு, "ம்மா" என்று மட்டும் சொன்னது. பெரியவள் ஒவ்வொரு தடவையும் திருத்தினாள். திருத்தும்போதே உள்ளுக்குள் இனித்தது. இனித்ததை நினைத்து உடனே சங்கடமாகவும் இருந்தது.

விண்வெளி நிலையத்திலிருந்து சின்னவள் கைபேசித் திரையில் வருவாள். மகளைச் சிரிக்கவைக்கத் தலைகீழாக மிதந்து கோணங்கித்தனம் செய்வாள். குழந்தை கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு கைபேசியைச் சோபாவில் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடிவிடும். அங்கே கண்ணீர் கீழே விழாதாம், கண்ணிலேயே குமிழாக ஒட்டிக்கொண்டு நிற்குமாம். இதை அவளே பின்னால் ஒருநாள் சொன்னாள்.

அவள் திரும்பிவந்த அன்று தெருவே கொள்ளவில்லை. கால் தரையில் பாவாமல், கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குழந்தை பெரியவளின் சீருடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"பாப்பா, அம்மாகிட்ட ஓடு! ஒரே ஒரு படம்!" என்று ஒரு புகைப்படக்காரர் குரல் கொடுத்தார். இன்னொருவர் குழந்தையின் கையைப் பிடித்தே இழுத்துவிட்டார். குழந்தை வீறிட்டது. சின்னவளின் முகம் சுண்டிப்போனது.

பெரியவள் முன்னால் வந்தாள். படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே ஏற்றும் அதே குரலில், "படம் எடுத்தது போதும், எல்லாரும் நல்லபடியா வீடு போய்ச் சேருங்க" என்று சொல்லி, சின்னவளையும் குழந்தையையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். மறுநாள் பத்திரிகைகளில் வந்தது அந்தச் சாத்திய கதவின் படம்தான்.

ஆனால் அதற்குப் பிறகும் குழந்தை அம்மாவிடம் போகவில்லை. தான் கண்ணெதிரே இருக்கும்வரை அது ஒட்டாது என்று பெரியவளுக்குத் தோன்றியது. தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பெட்டியோடு நகரத்தின் மறுகோடியிலிருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து, கடைத்தெரு நிறுத்தத்தில் அவள் பேருந்தில் சின்னவள் ஏறினாள், இடுப்பில் திமிறும் குழந்தையோடு. வெளியே நடமாடவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்த நேரம் அது. குழந்தை ஓட்டுநரைப் பார்த்ததும் "ம்மா!" என்று கை நீட்டியது. பெரியவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் வண்டி ஓட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

முதல் வளைவிலேயே சின்னவளுக்குத் தலை சுற்றியது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவளை அடையாளம் கண்டுகொண்ட ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்து, "பூமியவே சுத்தி வந்தவங்களுக்கு நம்ம பஸ்ஸு தாங்கலையே!" என்றார். வண்டியே சிரித்தது. சின்னவளும் சிரித்துவிட்டாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிப்போனார்கள்.

"தங்கச்சிக்கு இப்ப தேவலையா?" என்று கேட்டாள் சின்னவள்.

பெரியவள் எஞ்சினை அணைத்தாள்.

"இவ உங்களை அம்மான்னு கூப்பிட்டா எனக்கு வயிறு எரியும்னுதானே போனீங்க?"

"எரியலையா?"

"எரிஞ்சுதுக்கா. பொய் சொல்லலை. ஆனா மேல இருந்தப்ப, இவ சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு ஒருநாளும் நான் பயந்தது கிடையாது. அந்த நிம்மதி இல்லாம எனக்கு அங்க ஒரு வேலையும் ஓடியிருக்காது. இவளுக்கு என்ன பிடிக்கும், எதுக்கு அழுவான்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க போயிட்டா நான் யாருகிட்டக் கேக்கிறது?"

பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். "இன்னும் ஒரு ட்ரிப் பாக்கி இருக்கு."

"ஓட்டுங்க. நாங்க உக்காந்திருக்கோம்."

குழந்தை மெல்ல மெல்லத்தான் அம்மாவிடம் போனது. ஒருநாள் காலையில் தானாக ஏறி அவள் மடியில் உட்கார்ந்தபோது, பெரியவளும் சின்னவளும் மூச்சுவிடாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னவள் பிற்பாடு பயிற்சி நிலையத்துக்கே தலைவியானாள். முதல் வேலையாக, பயணம் போகிறவர்களின் குடும்பங்களுக்கு அங்கேயே வீடுகள் கட்டவைத்தாள். குழந்தையை வளர்ப்பவருக்கும் ஓர் அறை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"வளர்ப்பவர்னா யாருங்க மேடம்?" என்று அதிகாரி கேட்டாராம்.

"குழந்தை யாரு தோள்ல தூங்குதோ, அவங்க."

பல வருஷம் கழித்து, நோயில் சின்னவள் போய்ச் சேர்ந்தபோது, பல் மருத்துவராகிவிட்ட மகள் ஒரு பக்கமும் பெரியவள் ஒரு பக்கமும் இருந்தார்கள். சில மாதங்கள் சென்று, அடுத்த பயணத்துக்குத் தேர்வான ஓர் இளம்பெண் அந்த வீட்டைத் தேடி வந்தாள். கூடவே தச்சுவேலை செய்யும் அவள் மாமனார், அவர் தோளில் கைக்குழந்தை.

"அந்தக் குவார்ட்டர்ஸ்லதான் இருக்கோம்மா. அவங்களைப் பாத்து நன்றி சொல்லணும்னு இருந்தேன். குடுத்துவைக்கலை" என்றாள் அந்தப் பெண்.

"நான் அவளுக்கு உதவினேன்னு போற எடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அவ போயிட்டா" என்றாள் பெரியவள். "பிள்ளையில்லாத வீட்டுல ஒரு பிள்ளைய நம்பிக் குடுத்துட்டுப் போனாளே, அதுக்கு நான்தான் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேன். சொல்லாட்டியும் தெரியும் அவளுக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமனாரிடம் திரும்பினாள். "ஏங்க, இது தூங்க அடம்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"பாடுவேம்மா. என் குரலுக்குப் பயந்தே கண்ணை மூடிக்கும்."

பெரியவள் வாய்விட்டுச் சிரித்து, குழந்தைக்காகக் கையை நீட்டினாள்.